பசுமைக்கு விலை போடும் காலம்

2025ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி தொடக்கம், கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலின்படி, பை வேண்டுமானால் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த விலையைப் பற்றுச்சீட்டிலும் குறிப்பிட வேண்டும். நாட்டின் மற்றப் பெரிய பிரச்சினைகளோடு ஒப்பிட்டால் இது அற்பமான விடயந்தான். ஆனாலும் வெள்ளவத்தைக் கடைகளில் அந்த முதல் வாரம் நடந்த வாக்குவாதங்களைக் கேட்டவர்கள், வரவு செலவுத் திட்டத்துக்குக்கூட மக்கள் இவ்வளவு கோபப்பட்டதில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஐந்து ரூபாய்ப் பைக்காகக் கடைக்காரருடன் கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். "ஐயா, சட்டம் போட்டது நானில்லை" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இனி எழுதப் போவதை வாசித்துவிட்டு நான் பொலித்தீன் வியாபாரிகளின் ஆள் என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பக்கூடும்.

பொலித்தீனுக்கு எதிராக நமது அரசுகள் போர் தொடுப்பது இது முதல் தடவையன்று. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2007இலேயே தடை செய்யப்பட்டது. பத்து வருடங்கள் கழித்து, 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அதன் பின்னர் அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி முதலியவை தடைக்குள்ளாகின. 2021 மார்ச்சில் 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சிறு சஷேக்களின் மீது கைவைத்தார்கள். உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. 2023 ஒக்டோபரில் உறிஞ்சு குழாய், பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு வரை பட்டியல் நீண்டது. இவற்றுள் எத்தனை இன்றும் சந்தையில் கிடைக்கின்றன என்று அறிய விரும்புபவர்கள் தமது ஊர்ச் சந்தைக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். கள்ளத்தனமாகக்கூட விற்பதில்லை. பகிரங்கமாகவே தொங்குகின்றன.

தடைகள் தோற்ற இடத்தில் விலை வெல்லும் என்று நான் நம்புகிறேன். ஐந்து ரூபாய் என்றதும் மனிதன் வீட்டிலிருந்து பை கொண்டு வருகிறான். இங்கிலாந்தில் 2015இல் ஐந்து பென்ஸ் அறவிடத் தொடங்கிய பிறகு, பெரிய கடைகளில் அத்தகைய பைகளின் பாவனை மிகப் பெருமளவில் வீழ்ந்ததை அங்குள்ள வாசகர்கள் தமது கண்ணாலேயே கண்டிருப்பார்கள். 2021இல் அது பத்து பென்ஸ் ஆயிற்று. அங்கே பைக்காகக் கிடைக்கும் பணத்தை நற்காரியங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கடைகளிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இங்கே எனது பற்றுச்சீட்டில் பையின் விலை இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது இல்லை. எனது முறைப்பாடு இவ்வளவுதான், ஆனால் இது சிறிய முறைப்பாடு அன்று. குப்பை அள்ளும் பிரதேச சபைக்கு உழவு இயந்திரம் இல்லை, அதற்கு டீசல் இல்லை, தொழிலாளிக்குக் கையுறை இல்லை என்ற நிலையில், குப்பையின் பெயரால் அறவிடும் பணம் குப்பைக்குச் செலவாகாவிட்டால் மக்கள் அதை இன்னொரு வரியாகத்தான் பார்ப்பார்கள்.

எனது தலைமுறையினருக்குப் பையில்லாத கடை ஒன்றும் புதுமையில்லை. அம்மா சந்தைக்குப் போகும்போது பனையோலை உமல் கூடவே போகும். மீனுக்கு ஓர் உமல், மரக்கறிக்கு ஒரு கூடை. சங்கக்கடையில் சீனியும் பருப்பும் கடதாசியில் சுற்றிச் சணல் நூலால் கட்டித் தரப்படும். தேங்காயெண்ணெய்க்கு வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போக வேண்டும். சோடாப் போத்தலுக்கு முற்பணம் கட்டிவிட்டுக் குடித்த பின் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குவோம். ஜேர்மனியில் 2003ஆம் ஆண்டு முதல் ஒருதடவைப் போத்தலுக்கு 25 சதம் முற்பணம் வாங்குகிறார்கள் என்று அங்குள்ள நண்பர் பெருமையோடு எழுதியபோது, இதை நாங்கள் கைவிட்டபோது யாரும் எங்களைத் தடுக்கவில்லையே என்றுதான் எண்ணத் தோன்றியது. பத்திரிகைக்காரனான எனக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. முந்தின நாள் நான் எழுதிய ஆசிரியத் தலையங்கம் மறுநாள் கச்சான் சுருளாக என் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தலையங்கத்தால் ஏற்பட்ட ஒரே பயன் அதுவாகவும் இருந்திருக்கலாம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் நாட்டின் சில பத்திரிகைகள் அச்சிடுவதையே நிறுத்தியபோது, கச்சான் விற்பவரும் சேர்ந்துதான் பாதிக்கப்பட்டார்.

ஆனால் அந்த உமலை இன்று வாங்கப் பாருங்கள். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. பனம்பொருள் விற்பனை நிலையங்களும் உள்ளன. அங்கே ஓலைப் பை அழகாக, சாயமிட்டு, உல்லாசப் பயணிக்கு ஏற்ற விலையில் தொங்குகிறது. அந்த விலை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓலை வெட்டி, வெயிலில் போட்டு, வார்ந்து, பின்னி முடிக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் செல்லும் என்று பார்த்தவன் நான். அந்த விலையிலும் அவள் கைக்குச் சேருவது சொற்பமே. ஆகவே பை மலிவாக வேண்டும் என்றால் அவளுடைய கூலியைக் குறைக்க வேண்டும். அவளுக்கு நியாயமான கூலி வேண்டும் என்றால் நாட்சம்பளக்காரர் அந்தப் பையை வாங்க முடியாது. பொலித்தீன் பை மலிவாக இருப்பதற்குக் காரணம், அதன் உண்மையான செலவை மீதொட்டமுல்லை போன்ற இடங்களில் குடியிருப்பவர்கள் கட்டிவிடுகிறார்கள் என்பதே.

துணிப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது கொழும்பில் திருமணம், நூல் வெளியீடு, ஓய்வுபெற்றோர் சங்க ஆண்டுக் கூட்டம் எதற்குப் போனாலும் 'பூமியைக் காப்போம்' என்று அச்சிட்ட துணிப்பை ஒன்று கிடைக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரியில் அவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினேழு இருக்கின்றன. டென்மார்க் சுற்றாடல் முகவரகம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சாதாரண பருத்திப் பை காலநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தாலே பொலித்தீன் பைக்குச் சமமாவதற்குக் குறைந்தது 52 தடவைகள் பாவிக்கப்பட வேண்டும். பருத்தி விளைய நீரும் உரமும் தேவை. நெய்யவும் தைக்கவும் மின்சாரம் தேவை. வேறு பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தத் தொகை ஆயிரக்கணக்கில் போகிறது. பதினேழு பையையும் ஐம்பத்திரண்டு தடவை சந்தைக்குக் கொண்டு போக எனக்கு ஆயுள் போதுமா என்று மனைவி கேட்கிறாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்களிடமும் பத்துக்கு மேல் இருக்கிறதாம்.

பசுமை வாழ்க்கை என்று இன்று கூறப்படுவதைத் தமிழர்கள் ஒரு காலத்தில் முழுமையாக வாழ்ந்து பார்த்தவர்கள். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் முதலியவற்றின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பல வருடங்கள் ஒரு சமூகமே கரியமில வாயு ஏதுமின்றி வாழ்ந்தது என்று சொன்னாலும் பிழையில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரி ஏற்றிப் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரம் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். துணி துவைக்கப் பனங்களி மீண்டும் வந்தது. சைக்கிளில் நோயாளியும் போனார், பிரேதமும் போயிற்று. யாரும் எங்களுக்குப் பசுமை விருது தரவில்லை. அதை எண்ணி ஏக்கப்படுபவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் அக்காலத்தில் அங்கே இருக்காதவர்கள். இன்சுலினைக் குளிராக வைத்திருக்க வழியில்லாத ஊரில் வாழ்வதை எந்தச் சுற்றாடல்வாதியும் எனக்குச் சிபார்சு செய்ய வேண்டாம்.

2022இல் அந்த அனுபவத்தின் ஒரு பகுதியை முழு இலங்கையும் பெற்றது. 2021 ஒக்டோபர் வரையில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயாயிற்று. அதுவும் கிடைத்தால்தான். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஓகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எல்லோரும் சைக்கிளுக்கு மாறினார்கள். பழைய றலியும் லுமாலாவும் தூசு தட்டப்பட்டுத் திருத்துபவரின் கடையில் வரிசையில் நின்றன. கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் ஒழுங்காக வரத் தொடங்கிய சில மாதங்களில் அவை மறுபடியும் கோடிக்குள் போய்விட்டன. இது மக்களின் குற்றம் என்று நான் கருதவில்லை. காலி வீதியில் ஒரு சாணளவு சைக்கிள் பாதையாவது போட்டிருந்தால் சிலராவது தொடர்ந்து ஓடியிருப்பார்கள். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் அந்த வீதியில் எழுபது வயதில் சைக்கிள் ஓட்டுவதற்குக் காலநிலை மீது எனக்குள்ள அக்கறை போதாது.

எரிவாயு வாங்க முடியாத வீடுகள் விறகுக்குத் திரும்பின. விறகு 'மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி' என்றே கணக்கெடுக்கப்படுகிறது. நாட்டின் மொத்தச் சக்திப் பாவனையில் உயிர்த்திணிவு பெரும் பங்கு வகிக்கிறது என்று ஒவ்வோர் அறிக்கையிலும் பெருமையாக எழுதுவார்கள். அந்தப் பெரும் பங்கு என்பது புகைக்குள் இருமிக்கொண்டு ஊதுகுழல் ஊதும் பெண்கள். மலையகத்து லயன் அறைகளில் அது ஒருபோதும் நின்றதேயில்லை. ஆகவே 2022இல் அவர்களுக்கு அந்த விடயத்தில் மட்டும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

இனி உர விடயம். பசுமை என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஏற்பட்ட மிகப் பெரிய அவமானம் அதுதான்.

கோட்டாபய ராஜபக்ஷவின் 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில், பத்து வருடங்களில் படிப்படியாக இயற்கை விவசாயத்துக்கு மாறுவதாகச் சொல்லப்பட்டிருந்தது. பத்து வருடம் என்பது நியாயமான காலம். 2021 ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்து, மே மாதம் வர்த்தமானி வெளியிட்டு, இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வதை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மண்ணின் மீதும் சிறுநீரக நோயாளிகள் மீதும் திடீரெனப் பிறந்த அன்பு என்றார்கள். உரத்துக்காக வருடாந்தம் வெளியே போகும் சில நூறு மில்லியன் டொலர்கள் திறைசேரியில் இல்லை என்பதை அப்போது யாரும் மேடையில் சொல்லவில்லை. பின்னர் சீனாவிலிருந்து சேதன உரக் கப்பல் வந்தது. அதன் மாதிரியில் தீமை தரும் பற்றீரியா இருப்பதாக நமது விஞ்ஞானிகள் கூறினர். கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. இறுதியில் இறக்காத உரத்துக்கு 2022 ஜனவரியில் கிட்டத்தட்ட ஏழு மில்லியன் டொலரை மக்கள் வங்கி செலுத்தியது. அந்த 2021 ஒக்டோபர் கடைசியில் ஜனாதிபதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய் இதே கொள்கையைப் பற்றிப் பெருமையோடு உரையாற்றினார். நாடு திரும்பி ஒரு மாதம் முடிவதற்குள், நவம்பர் 24ஆந் திகதி, தடை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்து முடிந்திருந்தது. பசளை இல்லாமல் பயிர் மஞ்சள் நிறத்தில் நின்றது. தேயிலையும் வீழ்ந்தது.

இந்தக் கதை உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. வராத பகுதி ஒன்று உண்டு. இரசாயன உரத்தைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையானது. யாழ்ப்பாணத்துக்கு அது மிகவும் உண்மையானது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வரும் கிணற்று நீரையே. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிழங்குக்கும் அள்ளிப் போட்ட யூரியா, அதே கல்லின் ஊடாக அதே கிணற்றுக்குள் இறங்குகிறது. அக்கிணறுகளில் நைத்திரேற்று மட்டுமீறி இருப்பதைப் பல தசாப்தங்களாக ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். மண் பரிசோதனைக்கூடம், சேதனப் பசளைக்கு உதவித்தொகை, விளைச்சல் குறையும் முதல் வருடங்களுக்கு நட்டஈடு, இவற்றோடு மெதுவாகத் தொடங்கியிருந்தால் அங்குள்ள விவசாயிகளில் பலர் வந்திருப்பார்கள். இன்று எந்த அதிகாரி அந்தக் கிராமங்களுக்குப் போய் 'உரத்தைக் கொஞ்சம் குறையுங்கோ' என்று வாயெடுத்தாலும், "தம்பி, அந்தக் கதையை மட்டும் இங்கை கதையாதேங்கோ" என்ற பதில்தான் கிடைக்கும். ஓர் அவசர வர்த்தமானியினால் கெட்டது ஒரு போகம் மட்டுமன்று. நைத்திரேற்றைப் பற்றி நியாயமாகப் பேசும் வாய்ப்பே ஒரு தலைமுறைக்குக் கெட்டுவிட்டது என்று அஞ்சுகிறேன்.

இதற்கு அடுத்ததாக எனக்கு உறுத்துவது மின்சாரம். 2022 ஓகஸ்டில், ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் ஏழை வீட்டுக்கு முதல் உயர்வே இரு நூறு வீதத்தைத் தாண்டியது. இரண்டு மின்குமிழும் ஒரு வானொலியும் வைத்திருப்பவர் எதைக் குறைத்துச் சிக்கனம் செய்வது? கட்டணம் பின்னர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அந்த இரண்டு வருடங்களில் கூரை வசதி படைத்தவர்கள் எல்லோரும் சோலார் பனல் போட்டார்கள். கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் 2016இல் தொடங்கியபோது, வலையமைப்புக்குக் கொடுக்கும் அலகொன்றுக்கு முதல் ஏழு வருடங்களுக்கு 22 ரூபாயும் பின்னர் 15.50 ரூபாயும் தருவதாக இருபது வருட ஒப்பந்தம் செய்தார்கள். அது நல்ல திட்டம். நாட்டுக்கு எண்ணெய் மிச்சம், வீட்டுக்காரருக்குப் பணம் மிச்சம்.

யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். முதலாவதாகச் சொந்தக் கூரை இருக்க வேண்டும். இரண்டாவதாகப் பல இலட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும், அல்லது வங்கி நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர் தகுதியற்றவர். தொடர்மாடியில் குடியிருப்பவர் தகுதியற்றவர். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்தும் தலைக்கு மேலுள்ள தகரத்துக்கு உறுதி இல்லாத லயன் குடும்பம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பனல் போட்டவரின் கட்டணம் பூச்சியத்துக்கு வந்தது. மாலை ஆறரைக்குச் சூரியன் போன பின்னர் அவருக்கும் நுரைச்சோலை நிலக்கரி மின்சாரந்தான். ஆனால் அந்த வலையமைப்பைப் பராமரிக்கும் செலவில் பெரும் பங்கை மற்றவர்கள் கட்டுகிறார்கள். இதைச் சொன்னால் பனல் வைத்துள்ள நண்பர்கள் என்னோடு கோபிக்கிறார்கள். மின்வெட்டுக் காலத்தில் தாங்கள்தான் நாட்டுக்கு மின்சாரம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதுவும் உண்மையே.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அமைச்சர் சொல்லப்போய் உலகமே சிரித்தது. குரங்கின் பங்கு எவ்வளவாயினும், விடுமுறை நாளின் குறைந்த தேவையும் நண்பகல் வெயிலின் மிகுந்த சோலார் உற்பத்தியும் சேர்ந்து, அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் குறைவாக ஓடிய வேளை அது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலார்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு பாவனையாளர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். மக்கள் கடன்பட்டுப் பூட்டிய பனலை வெயில் நேரத்தில் நிறுத்தச் சொல்லும் நிலைக்கு ஒரு நாடு வருவதற்குக் காரணம் அதிக வெயிலன்று. பற்றரிச் சேமிப்புக்கும் மின்வழிகளுக்கும் காலத்தோடு பணம் ஒதுக்காமையே. பனலுக்குச் சலுகை கொடுத்தால் அமைச்சர் நாடா வெட்டலாம், படம் பத்திரிகையில் வரும். உப மின்நிலையத்துக்குப் பற்றரி வாங்கினால் யார் படம் எடுப்பார்கள்? நாற்பது வருடங்கள் அந்தப் படங்களுக்குத் தலைப்பு எழுதியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மன்னார்த் தீவில் கதை வேறு. அங்கே 2020 டிசெம்பரில் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 30 கோபுரங்களோடும் 103.5 மெகாவாற் கொள்ளளவோடும் திறக்கப்பட்டது. அடுத்ததாக மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் அமைக்கவிருந்த இந்திய அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய கோபுரங்களுக்கு எதிராகவும் கனிய மணல் அகழ்வுக்கு எதிராகவும் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். வெள்ளம் வடியும் வழி மறிபடுகிறது, வலசைப் பறவைகளின் பாதை கெடுகிறது, கரைவலைத் தொழில் பாதிக்கப்படுகிறது என்பவை அவர்களது முறைப்பாடுகள். காற்று மின்சாரமே வேண்டாம் என்று அவர்களில் பலர் சொல்லவில்லை, தீவுக்குள் வேண்டாம் என்கிறார்கள். கொழும்பில் குளிரூட்டி போட்டுக்கொண்டு இவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று எழுதுவது சுலபம். கோபுரத்தின் நிழலில் இருப்பவர் கட்டும் மின்கட்டணமும் கொள்ளுப்பிட்டியில் இருப்பவர் கட்டும் மின்கட்டணமும் அலகுக்கு ஒரே விலைதான். அந்த ஊரவருக்கு மட்டும் அலகுக்கு இரண்டு ரூபாய் குறைத்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு விதமாக நடந்திருக்கும் என்பது எனது ஊகம். சுன்னாகம் அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் போனது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தத் தீர்ப்பளித்தது. மின்சாரம் நாட்டுக்கும் கழிவு ஊருக்கும் என்ற அந்த ஏற்பாட்டை வடக்கு மக்கள் மறப்பதற்கு இன்னும் காலம் போதாது.

வெளிநாட்டு வாசகர்கள் இது இலங்கையின் தனிச்சொத்து என்று எண்ண வேண்டாம். பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக்காரர் வீதியை மறித்ததற்கு முதற் காரணம் எரிபொருள் வரி. கனடாவில் 2019இல் வந்த நுகர்வோர் கார்பன் வரியின் பெரும் பகுதி குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதை யாரும் நேசிக்கவில்லை. 2025 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. லண்டனில் 2023 ஓகஸ்ட் 29 முதல் பழைய டீசல் வாகனம் நகரின் எந்தப் பகுதியில் ஓடினாலும் நாளுக்கு 12.50 பவுண். அந்தப் பழைய வாகனத்தில் சாமான் விநியோகம் செய்து வாழ்பவர்களில் நம்மவர்களும் உண்டு. புதிய வாகனம் வாங்க வசதி உள்ளவருக்கு அந்தக் கட்டணம் ஒரு செய்தி. மற்றவருக்கு அது ஒரு நாளின் இலாபம். லண்டனின் காற்றுக் கெட்டது என்பதையும் அதைச் சுவாசித்துப் பிள்ளைகள் மூச்சிழுப்பால் அவதிப்படுகிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை.

என்னுடைய எதிர்பார்ப்பு பெரியதன்று. பொலித்தீன் பைப் பணம் உள்ளூராட்சி சபையின் குப்பைக் கணக்குக்குப் போகட்டும், வருடாந்தம் அந்தக் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டட்டும். சோடாப் போத்தலுக்கு முற்பணத்தை மீண்டும் கொண்டு வரட்டும். வாடகை வீட்டாரும் லயன் குடும்பங்களும் பங்கு வாங்கக்கூடியவாறு பாடசாலை, கோவில், சங்கக்கடைக் கூரைகளில் கூட்டுச் சோலார் அமைக்கச் சட்டம் வரட்டும். உரத்தைப் பற்றி இனி எந்த அரசும் ஒரு போகத்துக்குக் குறைந்த அவகாசத்தில் முடிவு எடுக்காதிருக்கட்டும். இவற்றுள் ஒன்றையாவது அடுத்த தேர்தல் மேடையில் யாராவது பேசினால் அவரை எழுந்து நின்று கேட்பேன்.

கூட்டுச் சோலார் என்றதும் எங்கள் தொடர்மாடி நினைவுக்கு வருகிறது. இருபத்துநான்கு வீடுகள். மின்தூக்கிக்கும் நீர்ப்பம்பிக்கும் பொதுவாக வரும் மின்கட்டணத்தைக் குறைப்பதற்கு மொட்டைமாடியில் பனல் போடலாம் என்று சென்ற மாதம் முகாமைத்துவக் குழுவில் யோசனை வைத்தேன். வீடொன்றுக்கு எழுபத்தையாயிரம் ரூபாய் வரும் என்று கணக்குக் காட்டினேன். முதலாம் மாடிக்காரர் தான் மின்தூக்கியில் ஏறுவதேயில்லை என்றார். ஐந்தாம் மாடி அம்மையார் தனது வடகம் காயப்போடும் இடம் பறிபோகும் என்றார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மெல்போர்ணில் இருப்பவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். இரண்டு பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஒருவர் சரி என்றிருக்கிறார், மற்றவர் இந்தத் திட்டத்தை அரசாங்கம் எத்தனை வருடங்களுக்கு மாற்றாமல் வைத்திருக்கும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன எழுதுவது என்று செயலாளர் என்னிடந்தான் கேட்கிறார்.